கம்பத்து மேல ரெண்டு பெட்டி

அண்ணாச்சி, ஒரு ஒத்தாசை செய்யணும். இந்தப் போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுக் குடுக்கணும். எனக்குப் போடத் தெரியாதுன்னு இல்ல. கண்ணாடியைப் பெரிய பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன், இப்ப எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியலை. நம்மள இந்த வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாருல்லா, அந்த ஆளு வைஃபை எல்லாம் போட்டுக் குடுத்துட்டாரு. ஆனா அவரு மலையாளத்துக்காரரு, பாதி வெளங்கிரும். நான் பேசப் போறது நாலு பேருக்கு வெளங்குத மாதிரி விசயம் இல்ல.

உங்களுக்கு வெளங்கினாப் பரவாயில்ல. நீங்க அமெரிக்காவுக்குப் போறிய, நான் ஊருக்குத் திரும்புதேன். இனிம எங்க பாக்கப் போறோம்.

என்ன, தென்காசியா? சரியாப் போச்சு. நான் சங்கரங்கோயில்லா. ஆவுடையப்பன் பலசரக்குக் கடைன்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ள கூட வழி சொல்லும். இந்த தோஹாவுல வந்து ரெண்டு பேரும் வண்டியில உக்காந்து சந்திக்கணும்னு இருக்கு. உங்களுக்குக் காலு நல்லாத்தானே இருக்கு? எனக்கும் நல்லாத்தான் இருக்கு. வீல்சேர் கேட்டா இங்கிலீசு பேச வேண்டாம், தொலைஞ்சு போக வேண்டாம்னு பிள்ளைகள் டிக்கெட்டோட சேத்துப் போட்டு விட்டுருதுக. நாமளும் நொண்டி மாதிரி மூஞ்சியை வச்சிக்கிட்டு வாரோம். வெக்கமா இல்லையான்னு கேட்டா, இதெல்லாம் ஒரு வெக்கமா அண்ணாச்சி.

மகன் வீட்டுக்கா, மக வீட்டுக்கா? மக வீடா. அப்ப உங்களுக்குக் கவலை இல்ல. மககிட்ட என்ன பேசினாலும் அப்பாவுக்கு வேற சோலி இல்லைன்னு போயிருவா. மருமககிட்ட பேசுதது வேற. எனக்கு அது அறுபத்தேழு வயசுல வெளங்கியிருக்கு.

மெசேஜ் அவளுக்குத்தான். முகிலான்னு பேரு. கரூர்க்காரி. இருங்க, அமுக்கிராதிய. என்ன சொல்லணும்னு இன்னும் எனக்கே கட்டி வரலை. ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்கணும் அண்ணாச்சி. நான் அவளைப் பாத்துச் சொன்ன வார்த்தை. அங்க இருக்கும்போதே நேருக்கு நேர் வாங்கியிருக்கணும். நாக்கு எழும்பலை. ஊருல போய் எறங்கிட்டா கடை, கோயிலு, சொந்தக்காரன்னு எல்லாம் வந்து மேல விழுந்துரும், பொறவு எங்க பேசப் போறேன். என்னைய எனக்குத் தெரியும்லா. அதான், இந்த விமானத்துல ஏறுததுக்குள்ள பேசிரணும்.

அமெரிக்காவுல ஆறு மாசம் இருக்கலாம்னு பாஸ்போர்ட்ல முத்திரை குத்திக் குடுத்திருந்தான். நான் பாதியிலயே கிளம்பிட்டேன். குளிரு தாங்கலைன்னு சொல்லி டிக்கெட் மாத்தச் சொன்னேன். எங்க சங்கரு சிரிச்சான். ஜூன் மாசத்துல என்னப்பா குளிருன்னான். ஏசி காத்து ஒத்துக்கிடலைன்னேன்.

சங்கரு என் மகன். சங்கரநாராயணன். நார்த் கரோலினாவுல வீடு வாங்கியிருக்கான். என் வீட்டுக்காரி போன பொறவு, தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க, இங்கயே வந்து இருங்கன்னு கூப்பிட்டது யாருன்னு நெனைக்கிய? அவன் இல்ல. முகிலாதான். கடையைத் தம்பி மகன் பாக்கட்டும், நீங்க கிளம்பி வாங்க மாமான்னு போன்ல சொன்னா. நான் பங்குனி பொறந்ததும் போய் எறங்கினேன். கீழ் ரூம்ல அவளோட ஆபீஸ் மேசை கெடந்துது. மாடிப்படி நமக்குச் சரிப்படாதுன்னு சொன்னேன், மேசையை மேல ஏத்திட்டு அந்த ரூமை எனக்குக் குடுத்துட்டா. மறுநாளே நான் அடுக்களையையும் ஒழுங்கு பண்ணிட்டேன். டப்பாவெல்லாம் கன்னாபின்னான்னு இருந்துது. பருப்பு ஒரு வரிசை, மசாலா ஒரு வரிசைன்னு கடை மாதிரி அடுக்கிக் குடுத்தேன். அவளுக்குக் கொஞ்ச நாள் ஒண்ணும் கைக்கு அகப்படலை. பழகிக்கிட்டா.

சரி, விசயத்துக்கு வாரேன். அவ வீட்டுப் புறவாசல்ல நல்ல பச்சையாப் புல்லு வளத்திருக்கா. நடுவுல ரெண்டு இரும்புக் கம்பம். ஒவ்வொரு கம்பத்து மேலயும் ஒரு மரப்பெட்டி. பெட்டியில வட்டமா ஒரு ஓட்டை. கம்பத்துல பாதியில தகரக் குழாயை மாட்டியிருக்கா, பாம்பு ஏறாம இருக்கதுக்கு. நம்ம ஊர்ல டிரான்ஸ்பார்மருக்கே இவ்வளவு பாதுகாப்பு கிடையாது. என்னம்மா இது, கோயில் உண்டியலான்னு கேட்டேன். சிரிச்சா. புளூபேர்டுக்கு மாமா, அது பட்ட மரத்துப் பொந்துலதான் கூடு கட்டும், இங்க பட்ட மரம் எல்லாத்தையும் வெட்டிட்டாங்க, அதனால பெட்டி வைக்கிறோம்னா.

அந்தப் பறவை முதுகு நம்ம சொட்டு நீலம் நெறம். நெஞ்சு செங்கல் நெறம். சின்னதுதான், ஆனா நின்னுதுன்னா ஒரு கம்பீரம். போன வருசம் பெட்டியை வச்சு ஒண்ணும் எட்டிக்கூடப் பாக்கலையாம். இந்த வருசம்தான் ஒரு சோடி வந்திருக்கு. அவளுக்கும் இதெல்லாம் புதுசு. அங்க இதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு, வயசானதுக, வேலைக்குப் போறதுக எல்லாம் சேந்து. வாராவாரம் பெட்டியைத் தொறந்து பாத்து, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடுவாங்களாம். ஆபீஸ்ல இம்புட்டுச் சம்பளம் வாங்குத புள்ள, ஞாயித்துக்கிழமை காலையில பறவைக்குப் பயந்துக்கிட்டுப் புல்லுல பூனை மாதிரி நடந்து போவா.

வர்றீங்களா மாமான்னு ஒரு நாளு கூப்பிட்டா. போனேன். மொதல்ல பெட்டியில வெரலால ரெண்டு தட்டு தட்டணும். உள்ள உக்காந்திருக்கது பதறாம வெளிய போகதுக்கு. பொறவு பக்கத்துல இருக்க கதவைத் தொறந்து, வெரசாப் பாத்துட்டு, மூடிட்டு வந்துரணும். நின்னு வேடிக்கை பாக்கப்படாது. அன்னைக்கு அவ தட்டினா, தொறந்தா, பாருங்க மாமான்னு தள்ளி நின்னுக்கிட்டா. உள்ள காஞ்ச புல்லை வட்டமாச் சுத்தி, அதுக்குள்ள நாலு முட்டை. நீல முட்டை அண்ணாச்சி. வேடிக்கை பாக்கப்படாதுன்னதை மறந்து நான் நின்னுட்டேன். என் வீட்டுக்காரி போன பொறவு எதையும் பாத்து நான் அப்படி நின்னது கிடையாது. மாமாவுக்குப் புடிச்சிருச்சுன்னு சொல்லிச் சிரிச்சா. அதுல இருந்து ஞாயித்துக்கிழமைன்னா நாங்க ரெண்டு பேரும்தான். சங்கரு லேப்டாப்போட உள்ள கெடப்பான். நாங்க போய் ரெண்டு தட்டு தட்டி, பாத்துட்டு, வந்து காபி குடிப்போம். மக இல்லாத கொறை எனக்கு அந்த நாளுகள்ல தெரியலை, உண்மையைச் சொல்லணும்ல.

ஆனா பறவை விசயத்துல நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல பாத்துக்கிடுங்க. ஊர்ல எனக்குக் குருவி ஆவுடையப்பன்னு ஒரு பேரே உண்டு. கடை ஷட்டர் பெட்டிக்குள்ள அடைக்கலாங்குருவி, பேப்பர்ல சிட்டுக்குருவின்னு போடுவான்லா, அது கூடு வச்சதுன்னு ஒரு சீசன் முழுக்கப் பாதி ஷட்டரோட யாவாரம் பண்ணவன் நான். குனிஞ்சு உள்ள வந்து சரக்கு வாங்கிட்டுப் போனாங்க ஜனங்க. அதைப் பாத்துட்டு லயன்ஸ் கிளப்புல கூப்பிட்டு, வீட்டுக்கு வீடு குருவிப் பெட்டி குடுக்கச் சொல்லி, என் போட்டோ பேப்பர்ல எல்லாம் வந்துது. நம்ம பக்கம் அடைக்கலாங்குருவி வீட்டுக்குள்ள கூடு கட்டுச்சுன்னா என்ன செய்வோம்? காத்தாடியை நிப்பாட்டிட்டு வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். கூட்டைத் தொட மாட்டோம். தொட்டா குடும்பத்துக்கு ஆகாது. ஆமாவா, இல்லையா?

அந்தக் குருவி அங்கயும் இருக்கு. அமெரிக்காவுல. நான் எதிர்பாக்கவே இல்ல. ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, வண்டி நிறுத்துத எடத்துல கீழ கெடக்கதைப் பொறுக்கிக்கிட்டு நிக்கி, அதே குருவி, அதே கறுப்புத் தொண்டை, அதே கீச்சுக்கீச்சு. ஊர்க்காரனைக் கண்ட மாதிரி இருந்துது. சட்டைப் பையில ஏதாவது இருக்கான்னு தடவிப் பாத்தேன். மறுநாளு காலையிலயே குறுணை அரிசியை எடுத்துப் புறவாசல் படியில எறைச்சேன். ரெண்டு நாளு ஒண்ணும் வரலை. மூணாம் நாளு ஒண்ணு வந்துது. பொறவு கூட்டமா வந்துது.

முகிலா பாத்துட்டா. மாமா, அரிசி போடாதீங்கன்னா. ஏம்மான்னேன். இந்தக் குருவி வந்தா புளூபேர்டை வாழ விடாது மாமா, பெட்டிக்குள்ள பூந்து முட்டையை ஒடைச்சிரும்னா. எனக்குச் சிரிப்புதான் வந்துது. அடைக்கலாங்குருவியாவது, கொத்துததாவது. நான் எத்தனை வருசமாப் பாக்கேன். அவ சொன்னா, இது இந்த ஊர்ப் பறவையே இல்ல மாமா, வெளியூர்ல இருந்து கப்பல்ல கொண்டு வந்து விட்டது, வந்த எடத்துல இருந்த பறவைக்கு இருக்க எடம் இல்லாம பண்ணிருச்சுன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. வெளியூர்ல இருந்து வந்து எடத்தைப் பிடிச்சிக்கிட்டதுன்னு யாரைச் சொல்லுதா இவ? அவ பறவையைத்தான் சொன்னா அண்ணாச்சி, வேற ஒண்ணும் சொல்லலை. ஆனா எனக்கு அப்படிப் பட்டுது. சரிம்மான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு, அவங்க ஆபீசுக்குப் போன பொறவு, வீட்டுக்குப் பக்கத்துல குப்பைத் தொட்டி நிக்கும்லா, அதுக்குப் பின்னால போய் எறைச்சேன். தெனமும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பெட்டியில, சும்மாக் கெடந்துதுல்லா அதுல, குருவி கூடு வைக்க ஆரம்பிச்சிருந்துது. எனக்கு மனசுக்குள்ள சந்தோசம். வாடகைக்கு ஆள் வந்தாச்சுன்னேன். முகிலா உள்ள போய் கையுறை மாட்டிக்கிட்டு வந்தா. கதவைத் தொறந்தா. புல்லு, இறகு, பிளாஸ்டிக் காகிதம்னு அது சேத்து வச்சிருந்ததை எல்லாம் வழிச்சு எடுத்து ஒரு பையில போட்டா. முட்டை இல்ல மாமா, வெறும் புல்லுதான், முட்டை வைக்கதுக்கு முன்னாடியே எடுத்துரணும்னு சொல்லிக்கிட்டே வழிக்கா. ஆண்குருவி கம்பி வேலி மேல உக்காந்து கத்துது. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியலை. அப்பதான் சொன்னேன்.

என்ன சொன்னேன்னா... உங்ககிட்ட சொன்னா என்ன. குடும்பம் வைக்க வந்ததோட கூட்டைப் பிச்சு எறியுத கையில, கடவுள் எப்படிம்மா ஒரு புள்ளையைக் குடுப்பாருன்னேன்.

அப்படிப் பாக்காதிய அண்ணாச்சி. நம்ம ஊர்ல எல்லாரும் சொல்லுததுதானே. கோவத்துல வந்துட்டு. அவங்களுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருசம் ஆச்சு, ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டு இருக்கோம்னு சங்கரு ஒரு தடவை சொல்லியிருந்தான், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேனான்னு கேட்டா, தெரிஞ்சுதான் சொல்லியிருக்கேன். ஊசி எங்க குத்தினா எறங்கும்னு தெரியாமலா குத்துவோம்.

பையை முடிச்சுப் போட்டா, குப்பையில போட்டா, கையைக் கழுவினா. ராத்திரி எனக்குச் சப்பாத்தி போட்டுக் குடுத்தா. எப்பவும் போலத்தான். நானும் அதை மறந்துட்டேன்.

குருவி விடுமா? நாலே நாள்ல அதே பெட்டியில திரும்பவும் புல்லைக் கொண்டாந்து போட ஆரம்பிச்சுட்டு. நான் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருந்தேன். முகிலா கையுறையோட போனா. பெட்டிக்கு முன்னால நின்னா. கதவுக்கு நேரா கையைத் தூக்கினா. தூக்கின கை அப்படியே நிக்கி. பொறவு மெல்ல எறக்கிட்டா. திரும்பி வந்துட்டா. அடுத்த வாரமும் அப்படித்தான். கை மேல போகும், வந்துரும். எனக்குப் பெருமை தாங்கலை அண்ணாச்சி. பெரியவங்க பேச்சைக் கேக்குத புள்ளைன்னு, என் தம்பிக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன்.

மொதப் பெட்டியில நாலு குஞ்சும் பொரிச்சுட்டு. கண்ணு தொறக்கலை, ஒடம்புல மயிரு இல்ல, தட்டினதும் நாலு வாயும் ஒண்ணாத் தொறக்கும், உள்ள ஆரஞ்சு நெறம். முகிலா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. இதுக பறக்கதுக்கு ரெண்டரை வாரம் ஆகும் மாமா, அதுவரைக்கும் நாமதான் காவல்னா. நாமதான்னு சொன்னா. அந்த வார்த்தையை அவ சொன்னா.

நான் காவல் காத்த லட்சணத்தைக் கேளுங்க. ஒரு புதங்கிழமை. ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போயாச்சு. நான் டிவி பாத்துக்கிட்டு இருக்கேன். புறவாசல்ல ஒரே சத்தம். எந்திச்சுப் பாத்தா, ஆண்குருவி மொதப் பெட்டி மேல உக்காந்து கத்துது. பக்கத்து வீட்டுக்காரன்லா, எட்டிப் பாக்க வந்திருக்கும்னு நெனைச்சேன். இதை நான் வெளையாட்டுக்குச் சொல்லலை, நெசமாவே அப்படித்தான் நெனைச்சேன். சத்தத்தைக் கூட்டி வச்சிக்கிட்டு சீரியலைப் பாத்தேன். பொறவு அந்த நீல ஆண்பறவை வந்து ஓட்டைக்கு நேரா ரெக்கையை அடிச்சிக்கிட்டுக் கெடக்கு. உள்ள போக மாட்டேங்கு, அங்கிட்டும் போக மாட்டேங்கு. அப்பதான் ஏதோ சரியில்லைன்னு பட்டுது.

போனேன். பழக்கதோசம், ரெண்டு தட்டு தட்டினேன். அந்தக் குருவி என் காதை உரசிக்கிட்டு வெளிய பாஞ்சுது. கதவைத் தொறந்தேன். தாய்ப்பறவை குஞ்சுகளை மூடின மேனிக்குக் கெடக்கு. மண்டையைக் கொத்தியிருக்கு அண்ணாச்சி. அதுக்குக் கீழ நாலும். ரெக்கையை விரிச்சு மூடியிருந்துது, அது எந்திச்சு ஓடியிருந்தா பொழைச்சிருக்கும். அந்தத் தாய் மேல அதுக்குள்ள நாலு புல்லைக் கொண்டாந்து போட்டிருக்கு அந்தச் சவத்துக் குருவி. என் குறுணையைத் தின்னு வளந்தது. நான் எறைச்சு எறைச்சுக் கூப்பிட்டது.

அங்க நின்னு நான் என்ன நெனைச்சேன்னு சொல்லட்டா? ஐயோ பாவம்னு நெனைக்கலை. சாயங்காலம் முகிலா வந்தா நான் என்ன மூஞ்சியை வச்சிக்கிட்டு நிக்கதுன்னுதான் நெனைச்சேன். பொணம் கெடக்க எடத்துல நின்னுக்கிட்டு எனக்கு மரியாதை போயிரக் கூடாதுன்னு யோசிக்கேன். இதைச் சொல்லவே கூசுது. அடுக்களையில இருந்து ஒரு கரண்டியை எடுத்துட்டு வந்தேன். புல்லைத் தோண்டினா தெரிஞ்சிரும்லா. அவ ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வச்சிருக்கா, கரூர்ல இருந்து வெதை கொண்டு போய் வளத்தது. அந்தத் தொட்டியில ஓரமாத் தோண்டி, அஞ்சையும் வச்சு மூடி, மேல தண்ணி ஊத்தினேன். அந்தக் கரண்டியைக் கழுவி எடுத்த எடத்துலயே வச்சேன்.

சாயங்காலம் அவ தோள்ல பையைக் கூட எறக்கலை, நானே முந்திக்கிட்டேன். முகிலா, குஞ்செல்லாம் பறந்துட்டும்மா, நான் என் கண்ணால பாத்தேன், ஒண்ணொண்ணா வாசலுக்கு வந்து எட்டிப் பாத்துட்டு ஜிவ்வுன்னு பறந்துதுன்னேன். கையை எல்லாம் ஆட்டிக் காட்டினேன். அவ என்னையே பாத்தா. தாய்ப்பறவையும் கூடப் போச்சா மாமான்னு கேட்டா. கூடத்தான் போச்சுன்னேன். அப்படியா மாமா, நல்லதாப் போச்சுன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டா.

கண்ணு தொறக்காத குஞ்சு அண்ணாச்சி. மூணு நாளுக்கு முன்னாலதான் ரெண்டு பேரும் சேந்து பாத்தோம். ரெண்டரை வாரம் ஆகும்னு அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. அது எனக்கு ராத்திரி படுத்த பொறவுதான் ஞாபகம் வருது. நான் புளுகுதேன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நல்லதாப் போச்சுன்னு சொல்லியிருக்கா.

அதுக்குப் பொறவு ஞாயித்துக்கிழமை அவ என்னைக் கூப்பிடலை. அவளும் போகலை. மொதப் பெட்டியிலயும் குருவி குடியேறிட்டு. ரெண்டு பெட்டியிலயும் கீச்சுக்கீச்சு. நான் குறுணை எறைக்கதை நிறுத்திட்டேன், ஆனா இனிம எறைச்சா என்ன, எறைக்காட்டி என்ன.

வெயில் வந்ததும் ஒரு சனிக்கிழமை பெரிய தொட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. கறிவேப்பிலைச் செடியைப் பெரிசுல மாத்தி வைக்கணும்னு. நான் சன்னல்கிட்ட காபியோட நிக்கேன். நிப்பாட்டணும்னு தோணுது, காலு நகரலை. இந்த நல்ல காலு. அவ ஓரத்துல மண்ணைக் கிளறினா. சட்டுன்னு கையை எடுத்தா. பொறவு கையாலயே மண்ணைத் தள்ளி மூடினா, தட்டி விட்டா, தொட்டியை வேலி ஓரமா நகட்டி வச்சா. உள்ள வந்து கையைக் கழுவிட்டு, மாமா, தோசை ரெண்டு போதுமான்னு கேட்டா.

ஏசியிருக்கலாம்லா? சங்கருகிட்ட சொல்லி எங்கிட்ட கேக்கச் சொல்லியிருக்கலாம்லா? ஒண்ணும் சொல்லலை. ஆனா அந்தச் செடியில இருந்து அதுக்குப் பொறவு ஒரு இலை பறிக்கலை. இண்டியன் ஸ்டோர்ல பாக்கெட் கறிவேப்பிலை வாங்கிட்டு வந்தா. தெனமும் சாம்பார்ல அது மெதக்கும். நான் அதை ஒதுக்கி வச்சுட்டுச் சாப்பிடுவேன். ஒரு வாரம் பாத்தேன், முடியலை. அப்பதான் சங்கருகிட்ட குளிருதுன்னேன்.

நேத்து வீட்டு வாசல்ல இட்லியை மொளகாப்பொடி தடவி அலுமினியக் காகிதத்துல மடிச்சுக் குடுத்தா. இன்னா மடியில இருக்குல்லா, இதுதான். இன்னும் பிரிக்கலை. அங்க ஏர்போர்ட்டுல சங்கரு என்னைய இது மாதிரி ஒரு வண்டியில உக்கார வச்சிட்டு, குனிஞ்சு காதுல சொன்னான். அப்பா, முகிலா முழுகாம இருக்கா, இது நாலாவது மாசம். அவதான் யாருக்கும் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டா, நீங்க கிளம்புறீங்க, மனசு கேக்கலை, அதான் சொல்றேன், அவகிட்ட காட்டிக்கிடாதீங்கன்னான். ஏன்டா எங்கிட்ட சொல்ல வேண்டாம்னான்னு கேட்டேன். தெரியலைப்பா, ரொம்பப் பயப்படுறான்னான். அவனுக்குத் தெரியாது. நான் சொன்ன வார்த்தையை அவ அவங்கிட்டயும் சொல்லலை.

நான் கணக்குப் பாத்தேன் அண்ணாச்சி. விமானத்துல உக்காந்து வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன். நான் அந்த வார்த்தையைச் சொன்ன அன்னைக்கு அது அவ வயித்துல இருந்திருக்கு. அவளுக்குத் தெரிஞ்சும் இருக்கும். எங்கிட்ட சொல்லணும்னு கூட நெனைச்சிருப்பா, யாரு கண்டா. ஏழு வருசம் காத்துக் கெடந்து வந்ததை வயித்துல வச்சிக்கிட்டு நிக்கா, நான் கூட்டைக் கலைச்ச கைன்னு சொல்லுதேன். அதான் அந்தக் கை மேல போயிட்டு எறங்கியிருக்கு. பெரியவங்க பேச்சைக் கேக்குதான்னு நான் தம்பிக்குப் போன் போட்டிருக்கேன். அவ பயந்துபோயி அந்தக் கூட்டைத் தொடாம விட்டிருக்கா. தொட்டிருந்தா அந்தப் பறவை பொழைச்சிருக்கும். இன்னும் அந்தப் பயத்தோடதான் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நடமாடுதா. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இருக்க ஒருத்தி ராத்திரி தூங்குவாளா, இப்படி ஒரு வார்த்தையைக் காதுல வாங்கிட்டு? என் புள்ளை வீட்டுப் புள்ளை. வெக்கம்னு சொன்னா அது சின்ன வார்த்தை அண்ணாச்சி. என்னைய நானே தொட முடியலை.

அங்க இப்ப விடிஞ்சிருக்கும். எந்திச்சிருப்பா. சரி, அமுக்குங்க. விட்டுராதிய, நான் முடிக்குத வரைக்கும் அமுக்கியே பிடிச்சிக்கிடுங்க. ம்.

முகிலா. மாமா பேசுதேன். தோஹா வந்து சேந்துட்டேன். இட்லி இன்னும் பிரிக்கலை, இனிமதான். கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோரை ஊத்தணும்னு... அது கெடக்கட்டும். முகிலா, அந்தப் பறவை பறந்து போகலைம்மா. உனக்குத் தெரியும். நான்தான் அந்தத் தொட்டியில வச்சேன். குறுணையும் நான்தான் போட்டேன், நீ வேண்டாம்னு சொன்ன பொறவும் போட்டேன், குப்பைத் தொட்டிக்குப் பின்னால. அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்ல. அது உன்னைச் சேராதும்மா. கூட்டைக் கலைச்ச கை உன் கை இல்ல. என் கை. அந்த ரெண்டு பெட்டியையும் தொறந்து சுத்தம் பண்ணச் சொல்லு, சங்கருகிட்ட சொல்லு, நீ குனியாத. உனக்கு ஒண்ணும் ஆகாது. புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. எது வந்தாலும் சொன்ன வாய்க்கு வரட்டும். சங்கரு சொல்லிட்டான், அவனை ஏசாத. நான்... அவ்வளவுதாம்மா.

விடுங்க. போயிட்டா? ரெண்டு டிக் விழுந்திருக்கா? சரி. அந்த டிக் ரெண்டும் நீலமாகும் பாருங்க, ஆச்சுன்னா அவ பாத்துட்டான்னு அர்த்தம். பக்கத்துல மைக் படம் இருக்கும்லா, அதுவும் நீலமானாத்தான் கேட்டுட்டான்னு அர்த்தம். இதெல்லாம் முகிலாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா.

ஐயோ, உங்க விமானத்துக்குக் கூப்பிடுதானே. வண்டி தள்ளுத ஆளும் வந்துட்டாரே. தம்பி, ஒரு நிமிசம் பொறுங்க, ஒரே நிமிசம். அண்ணாச்சி, போனைக் குடுத்துராதிய, எனக்குத் தெரியாது, நீங்களே பாத்துச் சொல்லிட்டுப் போங்க.

டிக் நீலமாயிட்டா? ஆயிட்டா? அப்ப பாத்துட்டா. மைக் படம்?

இன்னும் ஆகலையா. கையில போனை வச்சிக்கிட்டு நிக்கா போல. அவ அப்படித்தான், தொறக்கதுக்கு முன்னால கையைத் தூக்கிட்டு நிப்பா. கையை எறக்கிராதம்மா. தம்பி, தள்ளாதீங்க, கொஞ்சம் நில்லுங்க, நீலமாகட்டும்.